நாலு ஃப்ரெட் தள்ளி

நகவெட்டி இரண்டாவது விரலின் நகத்தைக் கடித்தபோதுதான் மாதவி பார்த்தாள்.

"ஐயோ மாமா! என்ன செய்றீங்க?"

கணவன் லோகனின் அண்ணன் பழனியப்பன் நிமிர்ந்தார். விடியற்காலையில் பந்திங்கிலிருந்து காரோட்டி வந்தவர். தம்பியின் உடலைக் குளிப்பாட்டி, வேட்டி கட்டி, தலை சீவி முடித்து, வலது கையைத் தன் மடியில் எடுத்து வைத்திருந்தார்.

"நகம் இவ்ளோ நீளமா கெடக்கும்மா. வெட்டிக்கக்கூட முடியாம இருந்திருக்கான் பாவம்."

"நேத்து நெஞ்சு வலிக்கிற வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு. இடது கையப் பாருங்க."

இடது கையில் நகமே இல்லை, ஒட்ட வெட்டியிருந்தது. கிட்டார்காரன் கை அப்படித்தான். ஒன்று கம்பியை அமுக்க, ஒன்று மீட்ட. வலது கை நகங்களை லோகன் வாரந்தோறும் தேய்த்து வழவழப்பாக்குவான். பாத்திரம் கழுவச் சொன்னால் நகம் உடைந்துவிடும் என்பான். நல்ல சாக்கு!

கட்டைவிரல் நகமும் ஆள்காட்டி விரல் நகமும் போய்விட்டன. மிச்சத்தை மாதவி தன் கைக்குள் மூடிக்கொண்டாள். பழனியப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது. நல்ல மனதோடு செய்தவரை எப்படித் திட்டுவது?

பிரிக்ஃபீல்ட்ஸில் அந்த அடுக்குமாடி வீட்டில் அவர்கள் இரண்டே பேர். பிள்ளை இல்லை. லோகனுக்கு ரயில் பணிமனையில் வேலை. சனி ஞாயிறு கிள்ளான் கல்யாண மண்டபங்களில் இசைக்குழுவோடு பாட்டுக்குத் துணையாகக் கிட்டார் அடிப்பான். இத்தனை வருஷம் அதுவே போதுமென்று இருந்த மனுஷனுக்கு, யூடியூப் பார்த்து, சுரங்களை ஒவ்வொன்றாக மீட்டுகிற ஆக்மென்டட் ஆர்பெஜியோ என்று ஒரு கிறுக்குப் பிடித்தது. சில மாதங்களாகச் சாயங்காலமானால் அதே பயிற்சிதான்.

"மூணே சுரம் மாது. சி, இ, ஜி ஷார்ப். ஒண்ணுக்கொண்ணு ஒரே தூரம். அதனால எது வீடு, எங்க போய் நிக்கணும்னு காதுக்குத் தெரியாது. நாலு கட்டம், நாலு ஃப்ரெட் தள்ளி வாசிச்சாலும் அதே மூணுதான் வரும், பாரேன்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவள் கேட்பாள். யாரோ வாசல்வரை வந்து மணியடிக்காமல் நிற்பதுபோல இருக்கும். "வந்தா உள்ள வரச் சொல்லுங்க!" என்று அடுப்படியிலிருந்து கத்துவாள். குழுவில் கீபோர்டு வாசிக்கும் ரிஷி வேறு, "கல்யாணத்துல இத வாசிச்சா பொண்ணு எந்திரிச்சு ஓடிரும் லா" என்று கிண்டலடிப்பான். லோகன் இரண்டு பேருக்கும் சிரிப்பான், திரும்ப முதலிலிருந்து தொடங்குவான்.

சவப்பெட்டி வந்தது. நகத்தை வெட்டிய குற்ற உணர்ச்சியோ என்னவோ, பழனியப்பன் நாற்காலியில் சாய்ந்திருந்த கிட்டாரை இரண்டு கையாலும் எடுத்து வந்தார்.

"இதையும் அவனோட அனுப்பிருவோம். உசுரா வச்சிருந்தான்."

கூடத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள்.

"வேணாம் மாமா. அது இங்கயே இருக்கட்டும்."

"நீ என்ன வாசிக்கவா போற?" என்றாள் அவர் மனைவி அமுதவள்ளி. "சும்மா பாத்துப் பாத்து அழுவ. போகட்டும் விடு."

"வாசிப்பேன்க்கா. எனக்குத் தெரியும்."

பச்சைப் பொய். கூடத்தில் நின்ற ரிஷிக்கு அது தெரியும், தலையைக் குனிந்துகொண்டான். லோகன் குளிக்கப் போகிற நேரத்தில் ஓரிரு தடவை விரல் வைத்துப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். கை நீட்டிக் கிட்டாரை வாங்கி மடியில் வைத்தாள். ஐந்தாம் கம்பியில் மூன்றாவது ஃப்ரெட், நான்காம் கம்பியில் இரண்டாவது, மூன்றாம் கம்பியில் முதலாவது. படி இறங்குவதுபோல் அவன் விரல்கள் போவதை எத்தனை நாள் பார்த்திருக்கிறாள்! ஒவ்வொன்றாகத் தட்டினாள். கடைசிச் சுரம் கரகரத்தது. ஆனாலும் வந்தது அதுதான்.

பாட்டு வருமென்று எல்லோரும் காத்திருந்தார்கள். வெளியே மோனோரயில் போய் முடிந்தது.

"அவ்ளோதானா?" என்றார் பழனியப்பன்.

"அவ்ளோதான் மாமா. இதத்தான் வாசிச்சாரு."

அவர் தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், கிட்டாருக்குப் பதில் இசைக்குழுச் சட்டை ஒன்றைத் தேடி எடுத்து வந்து அவன் கால்மாட்டில் வைத்தார்.

ஆண்கள் வண்டியோடு போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது. துணைக்கு இருப்பதாக அமுதவள்ளி சொல்லியும் மாதவி கேட்காமல் அனுப்பிவிட்டாள். கடைசியாக ரிஷி மட்டும் நின்றான்.

"அண்ணி, காலைல வாசிச்சீங்கல்ல, மூணாவது கம்பி சுருதி கொஞ்சம் எறங்கியிருக்கு. ரெண்டு நிமிஷ வேலைதான், போன்லயே ட்யூனர் இருக்கு. சரி பண்ணிக் குடுத்துட்டுப் போறேன்."

சொல்லிக்கொண்டே கிட்டாரின் தலையில் திருகாணியைப் பிடித்தான்.

"தொடாத!"

பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் உடைத்துக்கொண்டு வந்தது.

"அது அவரு திருகி வச்சதுடா. நேத்து சாயங்காலம், காத ஒட்டி வச்சுக் கேட்டுக் கேட்டு... அத நீ மாத்திட்டா எனக்கு என்ன இருக்கு?"

ரிஷி சூடு பட்டவன்போலக் கையை எடுத்தான்.

"அண்ணி... கம்பி நிக்காது. வெயிலு, மழை, காத்து, எது பட்டாலும் தானா எறங்கும். நாளைக்கே இன்னும் கொஞ்சம் மாறிரும்."

"காத்து பட்டாலுமா?"

"ம்."

அவன் போனதும் மாதவி கம்பிக் கதவைப் பூட்டினாள். சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கிட்டாருக்கு எதிரில் அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்தாள். ரவிக்கை நனைந்து முதுகில் ஒட்டியது. அசையாமல் இருந்தாள்.