லீவு போட்டவர்களுக்குப் பதிலாக வந்தவை

புஷ்பலதா தன் பெரியம்மாவின் சாவுக்காக மூன்றாவது முறை லீவு போட்ட அன்று, அவளுடைய இடுப்புவலி மட்டும் தனியாகக் கம்பெனி வேனில் ஏறி வேலைக்கு வந்தது. திருத்தணி ரயில்வே கேட் அருகே, அவள் வழக்கமாக நிற்கும் இடத்திலேயே அது நின்றிருந்தது. அரை மூட்டை அரிசி அளவு இருக்கும். நிறம் என்று சொல்ல ஒன்றுமில்லை. தொட்டால் கொஞ்சம் சுட்டது. படி ஏற முடியாமல் அது திணறுவதைப் பார்த்து, வேன் ஓட்டும் கண்ணையன் இறங்கிப்போய் கைகொடுத்தான். கம்பெனி இருக்கும் கனகம்மாசத்திரத்தில் இறங்கியதும் யாரையும் வழி கேட்காமல் மூன்றாவது வரிசைக்குப் போய், புஷ்பலதாவின் முக்காலியில் உட்கார்ந்துகொண்டது.

"அக்கா, புஷ்பலதா வரல. அவ இடுப்புவலிதான் வந்து குந்திகினு இருக்குது. வழியில எறக்கி உட மனசு வரல" என்று மேற்பார்வையாளர் அனுசுயாவிடம் கண்ணையன் சொன்னான்.

அது பள்ளிக்கூடப் பை தைக்கிற கம்பெனி. அனுசுயாவின் கீழே நாற்பத்திரண்டு பெண்கள் வேலை செய்தார்கள். அங்கே லீவு நோட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் உடம்பு சரியில்லை என்று எழுதினால் டாக்டர் சீட்டு கேட்பார்கள். அசதி என்று எழுதினால் சிரிப்பார்கள். சாவு என்று எழுதினால் மட்டும் மறுபேச்சில்லாமல் கையெழுத்து விழும். ஆகவே இடுப்பு பிடித்துக்கொண்டவளும், விடிய விடியப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவளும் தங்கள் உறவினர்களைச் சாகடித்தார்கள். உள்ளூரில் சாகடித்தால் யாராவது துக்கம் விசாரிக்க வந்துவிடுவார்கள் என்பதால், ஆந்திர எல்லையைத் தாண்டி நகரியிலும் புத்தூரிலும் சாகடித்தார்கள். அந்த ஐப்பசியில் மட்டும் நகரியில் பதினேழு பேர் இறந்தார்கள். அதில் நான்கு பேர் ஆவணியிலேயே இறந்தவர்கள். அனுசுயாவுக்கு இது தெரியாதா என்ன? பதினோரு வருடமாக ஒரு நாள்கூட லீவு போடாதவள், ஒவ்வொரு சாவுக்கும் 'அடப்பாவமே' சொல்லிக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

இனி அப்படி ஓட்ட முடியாது என்று ஆகிவிட்டது. சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. வேலைக்கு வராதவர்கள் பெருகிவிட்டார்களாம். மாதக் கடைசிக்குள் வேலையை விட்டு அனுப்ப வேண்டிய மூன்று பெயர்களை மேற்பார்வையாளரே தன் கைப்பட எழுதி அனுப்ப வேண்டுமாம். நோட்டைப் புரட்டினால் முதல் மூன்று பேர் யார் என்பது கண்ணில் அடித்தது: புஷ்பலதா, கோவிந்தம்மாள், வசந்தி. மூன்று பேருக்கும் மெஷினில் நூல் கோக்கச் சொல்லிக்கொடுத்தவளே அனுசுயாதான். மூன்று வீட்டிலும் இந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது என்பதும் அவளுக்குத் தெரியும். பேனாவை எடுப்பாள், மறுபடி மூடி வைத்துவிடுவாள்.

மறுவாரம் கோவிந்தம்மாள் வரவில்லை. அவளுடைய நீர்க்கடுப்பு வந்தது. அதற்கு உட்காரவே இருப்புக்கொள்ளவில்லை. கழிவறைக்கும் மேனேஜர் மேசைக்கும் நடையாய் நடந்தது. கழிவறைச் சாவி மேனேஜர் தலைக்கு மேல் ஆணியில் தொங்கும். ஆம்பளை முன்னால் போய்ச் சாவி கேட்கக் கூசி, பெண்கள் காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அதற்கடுத்த நாள் வசந்திக்குப் பதிலாக வந்தது அவளுடைய தூக்கம். கணவனை முதல் ரயிலுக்கு அனுப்பிவிட்டு ஏழு மணி ஷிஃப்டுக்கு ஓடிவருகிறவள் அவள். நாலு வருடமாகத் தூங்காமல் விட்ட தூக்கம் அத்தனையும் வேனின் பின் இருக்கை முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்து, துணி வெட்டும் மேசைமேல் ஏறிப் படுத்துக் குறட்டை விட்டது. அது கலைந்துவிடக் கூடாதென்று வெட்டுகிற பெண்கள் தரையில் துணியை விரித்து வேலை பார்த்தார்கள்.

மேனேஜர் வரதராஜன் அரக்கோணத்திலிருந்து தினமும் வந்துபோகிறவர். கெட்டவர் இல்லை, எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாதவர், அவ்வளவுதான். வலியாவது, வேலைக்கு வருவதாவது என்று நேரே போய் புஷ்பலதாவின் முக்காலியில், அந்த வலியின் மேலேயே உட்கார்ந்தார். நாலாவது நிமிடம் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. இரண்டு பெண்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள்.

"இதுல எப்படிம்மா எட்டு மணி நேரம் குந்துறீங்க?" என்றார், முகமெல்லாம் வியர்த்து.

"பதினோரு வருசமா குந்திகினுதான் இருக்கோம் சார். நீங்க இன்னிக்குத்தான் குந்திப் பாத்தீங்க" என்றாள் அனுசுயா.

அன்று சாயங்கால ரயிலில் இடம் இருந்தும் வரதராஜன் அரக்கோணம்வரை நின்றுகொண்டே போனார். மறுநாள் திருத்தணி மலையடிவாரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் பேசி, சாய்ந்து உட்காரும் நாற்காலிகளைக் கொண்டுவந்து இறக்கினார். சாவியை ஆணியிலிருந்து எடுத்தவர் பூட்டையும் சேர்த்துத் தூக்கி எறிந்தார். வரிசைக்கு ஒரு தண்ணீர்க் கேன் வந்தது. ஷிஃப்ட் எட்டரைக்கு மாறியது. லீவு நோட்டில் உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும், சீட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முதலில் ஒருத்தியும் நம்பவில்லை. பிறகு கடைசி வரிசை மோனிகா துணிந்து 'மனசு சரியில்லை' என்று எழுதினாள், கையெழுத்து விழுந்தது. அதற்குப்பின் நகரியில் சாவு அடியோடு நின்றுபோயிற்று.

ஆனால் வந்து உட்கார்ந்த மூன்றும் போகவில்லை. இடம் பழகிவிட்டது. அவை இருக்கும்வரை அவற்றுக்கு உரியவர்களாலும் வர முடியவில்லை; ஒரு ஆள் இடத்தில் இரண்டு பேர் எப்படி இருப்பது? மாதக் கடைசியும் வந்துவிட்டது. அனுசுயா வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு அந்த மூன்றையும் ஒரு முறை பார்த்தாள். பிறகு மளமளவென்று எழுதினாள்: ஒன்று, இடுப்புவலி. இரண்டு, நீர்க்கடுப்பு. மூன்று, வசந்தியின் தூக்கம். மூவரும் ஒரு வேலையும் செய்யாமல் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள், உடனே அனுப்பிவிடலாம்.

வரதராஜன் படித்துப் பார்த்தார். "மாட்டிக்கினா நம்ம ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்மா" என்றார்.

"எழுதினதுல ஒரு எழுத்து பொய் இருக்குதா சார்?"

அவர் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டார்.

பத்து நாள் பதில் இல்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே அனுசுயா வாசலுக்கு ஓடினாள். பதினோராம் நாள் சென்னையிலிருந்து மூன்று பணிநீக்க உத்தரவுகள் முத்திரையோடு வந்தன. தலைமை அலுவலகம் எண்ணிக்கையைத்தான் பார்த்ததே தவிர பெயரைப் பார்க்கவில்லை. அவள் உத்தரவை மூன்றின் முன்னாலும் நின்று சத்தமாகப் படித்தாள். நீர்க்கடுப்பு உடனே கிளம்பிவிட்டது. இடுப்புவலி எழுந்து நிமிரக் கொஞ்ச நேரம் பிடித்தது. இரண்டும் சாலைக்குப் போய்த் திருப்பதி பஸ்ஸில் ஏறின. எங்கே இறங்கின என்று யாரும் விசாரிக்கவில்லை. தூக்கத்தை மட்டும் அப்படி விடக் கூடாதென்று கண்ணையன் வேனில் ஏற்றி வசந்தி வீட்டிலேயே கொண்டுபோய் விட்டான். வசந்தி இரண்டு ராத்திரியும் ஒரு பகலும் தூங்கினாள்.

திங்கட்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். புஷ்பலதா புது நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். அனுசுயாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் மறைக்கவும் இல்லை.

"இன்னாக்கா, எங்களப் பாத்து அழுவுறீங்க?" என்றாள் புஷ்பலதா.

"ஒண்ணுமில்லடி. நீ தையி."

அந்த வாரம் புதன்கிழமைக்கு அனுசுயா லீவு கேட்டு எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில் 'நிம்மதி' என்று போட்டாள். வரதராஜன் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். புதன்கிழமை அவள் ஒன்பது மணிவரை புரண்டு படுத்திருந்தாள். அவளுடைய நிம்மதி வழக்கமான வேனுக்கே வந்துவிட்டது. மேற்பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, யாரையும் அதட்டாமல், நாள் முழுக்க வேலையைப் பார்த்துக்கொண்டது. அன்றைக்கு நாற்பத்திரண்டு பேரும் வந்திருந்தார்கள், பைகளும் குறையவில்லை. வரதராஜன் அதற்கும் வருகை போட்டார். சாயங்காலம் எல்லோரும் போனபிறகு அது மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டுக் கடைசியாகக் கிளம்பியது.