மடக்குக் கட்டிலுக்கு ஓர் இடம்

ஜூன் 11. புது வீட்டு ஹாலை அளந்ததில் ஒரு தப்பு செய்துவிட்டேன். ஜன்னல் கதவு உள்பக்கமாகத் திறக்கும் என்பதை மறந்துபோனேன். கட்டிலை அதன் அடியில் போட்டால் எழுந்திருக்கும்போது தலையில் இடிக்கும். சமையலறைச் சுவரோரம்தான் போட வேண்டும்.

இதைக் காலையில் டைரியில் எழுதி, சரியாகத்தான் எழுதினோமா என்று மறுபடி படித்துப் பார்த்துவிட்டுத்தான் டேப்பு, தன் அண்ணனோடு பழைய மரச்சாமான் கடைக்குக் கிளம்பினாள். சாயங்கால வகுப்பில் கட்டட வரைபடம் படிக்கிறவள். எந்தப் பையை எடுத்தாலும் உள்ளே அளவு டேப் கிடக்கும். அதனால் அண்ணன் வைத்த பெயர் அது. அம்மா போன பிறகு ஒரே அறையில், நடுவே ஒரு துணித்திரையைத் தொங்கவிட்டு, அண்ணனும் தங்கையுமாகக் காலம் தள்ளியவர்கள். போன மாதம் அண்ணனுக்குக் கல்யாணமானது. வீடு கிடைக்கும்வரை அண்ணி தன் அம்மா வீட்டிலேயே இருந்தாள். இப்போது வீடும் கிடைத்துவிட்டது.

கடையில் நாற்காலிகள் ஒன்றின் மடியில் ஒன்று உட்கார்ந்திருந்தன. கடைக்காரர் ஒரு சோபாவைத் தட்டினார். புழுதி கிளம்பியது.

"டாக்டர் வீட்டுச் சோபாங்க."

"டாக்டர் உட்கார்ந்ததா, நோயாளிங்க உட்கார்ந்ததா?" என்றான் அண்ணன்.

"யார் உட்கார்ந்தா என்னங்க? ஸ்பிரிங் குத்தாது."

சோபா கட்டுப்படியாகவில்லை. ஒரு சாப்பாட்டு மேஜைக்கு விலை படிந்தது. கடைக்காரர் கயிறு தேடி உள்ளே போனார். அதற்குள் டேப்பு மூலையில் ஒரு மடக்குக் கட்டிலைக் கண்டுபிடித்து, விரித்து, அளந்தும் விட்டிருந்தாள்.

"அண்ணா, இங்க வாயேன். சமையலறைச் சுவத்துக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு. காலையில மடக்கி வெச்சுட்டா அண்ணிக்கும் இடைஞ்சல் இருக்காது."

அண்ணன் கட்டிலைப் பார்க்கவில்லை. மேஜை விளிம்பில் உறைந்திருந்த மெழுகை நகத்தால் சுரண்டினான்.

"கட்டிலெல்லாம் எதுக்கு? நாங்க அங்க போனதும் கொஞ்ச நாள் தரையிலதான் படுப்போம்."

நாங்க.

கடைக்காரரிடம் சொல்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். அவரிடம் சொன்னால் 'நாங்க' சரிதான், அதில் அவளும் அடக்கம். ஆனால் கடைக்காரர் அங்கே இல்லை. அண்ணன் பேசியது அவளிடம். இத்தனை வருஷத்தில் அவளிடம் அவன் 'நாம' என்றுதான் சொல்லியிருக்கிறான். நாம என்ன சமைக்கலாம். நாம வாடகை கட்டணும்.

வாய் தவறி வந்திருக்கலாம். தன் காதுதான் தவறோ என்னவோ. எதையும் மறுபடி அளந்து பார்க்கிறவள், இதையும் அளந்து பார்த்தாள்.

"நாம எப்பண்ணா போறோம்?"

அவன் நகம் நின்றது.

"டேப்பு... நீ பழைய ரூம்லயே இரு, வாடகையை நானே கட்டிடறேன். உனக்கு வகுப்பும் அங்கேருந்து பக்கம். சொல்லணும் சொல்லணும்னுதான் இருந்தேன். ஞாயித்துக்கிழமையானா சாப்பிட வந்துடு."

"சரிண்ணா."

"கோவமா?"

"சேச்சே. அங்க ஜன்னல் உள்பக்கமா வேற திறக்குது. கட்டில் போட்டா இடிக்கும்."

கயிற்றோடு வந்த கடைக்காரர், "கட்டிலையும் சேத்துக் கட்டிடவா பாப்பா? படுத்தா இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டே," என்றார்.

"வேணாங்க. மேஜை மட்டும்."

கட்டிலை மடக்குகிற சாக்கில் குனிந்துகொண்டாள். கொக்கி சட்டென்று மாட்டவில்லை. அண்ணன் உதவிக்கு வந்து பக்கத்தில் நின்றான். அவனுக்கும் மாட்டத் தெரியவில்லை.

அன்று வகுப்பு முடிந்து வந்து, டேப்பு அதே பக்கத்தில் தொடர்ந்து எழுதினாள்:

மேஜை அப்படியே மாடிப்படித் திருப்பத்தில் ஏறாது. நாளை காலை ஸ்பேனர் எடுத்துப் போய், கால்களைக் கழற்றி ஏற்றி, அண்ணன் வீட்டில் மாட்டிக் கொடுக்க வேண்டும்.