சாம்பல் ஓட்டுக் காப்புரிமை

பூமாலை நோட்டீசை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு முறை படித்தாள்.

கள்ளக்குறிச்சியில் அடுப்புப் பட்டறை வைத்திருந்த பஷீர் அகமதுக்கு வந்த நோட்டீஸ் அது. கரும்புச்சக்கைச் சாம்பலையும் களிமண்ணையும் கலந்து சுட்டு அடுப்புக்குள் பதிக்கும் செராமிக் ஓடு எங்கள் கண்டுபிடிப்பு, 2017இல் விண்ணப்பித்துக் காப்புரிமை வாங்கியிருக்கிறோம், உடனே நிறுத்து என்று சென்னைக் கம்பெனி ஒன்று எழுதியிருந்தது.

"இன்னா டீச்சர் இது? நீங்க சொல்லிக் குடுத்ததைத்தான செஞ்சிக்கினு இருக்கேன்?"

"2009லயே நான் எழுதி வெச்சது பாய். இவனுங்க யாரு நிறுத்தச் சொல்ல?"

பூமாலை சங்கராபுரத்தில் வேதியியல் ஆசிரியை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து படித்தவள். எம்.ஃபில். ஆய்வுக்காக மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைச் சாம்பலை மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் திட்டு வாங்கி, ஒன்றரை வருடம் சுட்டுச் சுட்டுப் பார்த்திருந்தாள். காப்புரிமைத் தாளை வரவழைத்துப் பிரித்தாள். அதே கலவை, அதே வெப்பம். கண்டுபிடித்தவர் பெயர் தெய்வசிகாமணி. அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர்!

காப்புரிமை கிடைத்து ஒரு வருடத்துக்குள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம்; அந்தக் கெடு முடிய ஏழு வாரமே இருந்தது. பூமாலையின் 2009 ஆய்வேட்டை ஆதாரமாகக் காட்டி, பஷீர் பெயரில் மனுப் போட்டார்கள். பதிலாக வந்தது தெய்வசிகாமணியின் பிரமாணப் பத்திரம். அந்த ஆய்வேடு நூலகத்தில் வைக்கப்படவே இல்லை, ஆகவே உலகம் அதை அறியாது என்று சத்தியம் செய்திருந்தார். பூமாலை அந்தத் தாளை மேசையில் அறைந்தாள். மறுநாளே சின்னசேலம் போய் சேலம் பஸ் பிடித்து, தான் படித்த கல்லூரி நூலகத்தின் அடித்தட்டில் தூசியோடு கிடந்த பிரதியைத் தேடி எடுத்தாள். முதல் பக்கத்தில் நூலக முத்திரை, 2009 ஜூன். நூலகரிடம் சான்று எழுதி வாங்காமல் அவள் நகரவில்லை.

காப்புரிமை அலுவலகத்தின் விசாரணை வீடியோவில் நடந்தது. பட்டறையிலேயே இருவரும் உட்கார்ந்தார்கள்.

"சுடச்சுடத் தண்ணீரில் போட்டாலும் விரிசல் விடாது என்பதே எங்கள் கண்டுபிடிப்பு. இந்த ஆய்வேட்டில் அது எங்கே இருக்கிறது?" என்றார் கம்பெனி வக்கீல்.

"அம்பத்திரண்டாம் பக்கத்துல இருக்குது!"

"சத்தம் போடாமல் சொல்லுங்கள்" என்றார் அதிகாரி.

"சொல்றேன் சார். எண்ணூறு டிகிரியில இருந்து எடுத்து இருபது தடவ தண்ணியில போட்டேன். ஒண்ணுகூட வெடிக்கல. அதே பக்கத்துக்குக் கீழ தெய்வசிகாமணி சார் கையெழுத்து. படிக்காமயா போட்டாரு?"

திரையின் மூலையில் தெய்வசிகாமணி தன் கேமராவை அணைத்தார்.

ஐந்து மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அந்த ஓடு முன்பே வெளியான ஒன்று, காப்புரிமை ரத்து. அதற்குள் சூளை அணைந்து கிடந்ததில் பஷீரின் ஆட்களில் இருவர் வேலை தேடித் திருப்பூர் போய்விட்டிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்களை வைத்துச் சூளையைப் பற்றவைத்தார்.

அன்று மாலை தெய்வசிகாமணி போன் செய்தார். "அந்தப் பத்திரம் வக்கீல் எழுதிக் குடுத்ததும்மா. மனசுல வெச்சுக்காத."

"வெச்சுக்குவேன் சார்" என்று சொல்லித் துண்டித்தாள்.

பொய்ச் சத்தியம் செய்தார் என்று பல்கலைக்கழகத்துக்குப் புகார் எழுதினாள். இரண்டு மாதமாகியும் பதில் இல்லை. பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, புகாரின் நகலோடு நேரிலேயே கிளம்பினாள்.