பாண் ஓட்டோவின் பாட்டு நின்ற பின்னேரம்

கணக்குச் சோதனைக்கு இன்னும் ஒன்பது நாள். போன தடவை மேனுகா கணக்கில் கோட்டை விட்டவள். இந்த முறையும் விட்டால் உயர்தரம் படிக்க முடியாது. அவளுக்குப் படிக்கக் கிடைப்பதோ பின்னேரம் மட்டும்தான். அந்த நேரம் பார்த்து, பேக்கரிப் பாணும் பணிஸும் வீடு வீடாக விற்கிற விதுசனின் பாண் ஓட்டோ புதுக்குடியிருப்பிலிருந்து வந்து, அவர்கள் வீட்டுப் படலை வாசலில் நின்று ஸ்பீக்கரில் பாடும்.

மற்ற வீடுகளில் இரண்டு நிமிடம் நிற்கிற ஓட்டோ இங்கே முக்கால் மணித்தியாலம் நிற்கும். காரணம் ஊருக்கே தெரியும்: அக்கா தயாளினி. அக்கா ஒரு பணிஸைத் தெரிந்தெடுக்கிற நேரத்தில் ஒரு கூறைச்சேலையே எடுத்துவிடலாம். அதற்குள் அம்மா இராசமலர், "வெயிலுக்கால வந்தனி தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்று அவனை விறாந்தையில் இருத்திவிடுவார். மேனுகா பாட்டை நிறுத்தச் சொன்னால், "ஆக்கள் கேட்டாத்தானே தங்கச்சி வருவினம்" என்பான். வருகிற ஆட்களை அவன் எங்கே பார்த்தான்? கண் முழுக்க வீட்டுப் பக்கம்.

அன்றைக்கு மேனுகாவுக்குப் பொறுமை போய்விட்டது. விதுசன் கோப்பையோடு இருந்ததும், பின்பக்கத்தால் சுற்றி வந்து ஓட்டோவின் சீற்றைத் தூக்கினாள். ஸ்பீக்கருக்குப் போகிற வயர்கள் ஒரு வெள்ளைப் பிளக்கில் சேர்ந்திருந்தன. சுவிச்சை நிறுத்தினால் அவன் திரும்பப் போட்டுவிடுவான். இதைக் கழற்றினால், பழுதென்று நினைத்துத் திருத்தக் கொண்டுபோவான். நல்ல திட்டம்தான். பிளக் அல்லவா சம்மதிக்க வேண்டும்.

இழுத்தாள். அசையவில்லை. வயரில் பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். அவனுடைய பிழைப்பில் மண்ணள்ளிப் போடும் எண்ணம் அவளுக்கில்லை. குனிந்து பார்த்தாள். பிளக்கின் முதுகில் சின்னதொரு கொளுக்கி. அதைச் சுற்றி ஒழுங்கைப் பாதையின் சிவப்புப் புழுதி இறுகிப்போயிருந்தது. ஊதினாள். நகத்தால் கிளப்பினாள்; நகம்தான் உடைந்தது. கடைசியில் தலையில் செருகியிருந்த கிளிப்பைக் கழற்றினாள். காலையில் கேட்காமல் எடுத்த அக்காவின் பச்சை வண்ணத்துப்பூச்சிக் கிளிப் அது. பிளக்கை முதலில் உள்ளே அமுக்கி, கொளுக்கி இளகியதும் கிளிப்பை அதற்குக் கீழே நுழைத்து நெம்பி, இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தாள்.

பாட்டு பாதியில் நின்றது. அப்படியொரு நிம்மதி. உடனே விறாந்தையில் கோப்பை வைக்கும் சத்தம் கேட்டது. சீற்றைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கொப்பியைத் திறந்து, உலகத்தில் இல்லாத நல்ல பிள்ளையாக இருந்தாள்.

விதுசன் போகவில்லை. "பாட்டில்லாமல் எப்பிடி அன்ரி பாண் விக்கிறது? திருத்திப்போட்டுத்தான் போகோணும்." பற்றரியைப் பார்த்தான், பியூசைப் பார்த்தான், ஸ்பீக்கரைத் தட்டினான். அம்மா இரண்டாம் தேத்தண்ணி கொடுத்தார். அக்கா பக்கத்தில் நின்று ஸ்குரூக்களை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். ஒன்றரை மணித்தியாலம். அவர்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் மேனுகாவுக்கு ஒரு கணக்குக்கூட விடை வரவில்லை.

பொழுதுபடுகிற நேரம் அவன் சீற்றைத் தூக்கினான். கழன்று கிடந்த பிளக்கின் கொளுக்கியில் பச்சை வண்ணத்துப்பூச்சி. சன்னலுக்குள் இருந்த மேனுகா தன் தலையைத் தடவிப் பார்த்தாள்.

விதுசன் கிளிப்பையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். அது அக்காவின் தலையில் இருந்ததை எத்தனை நாள் பார்த்திருப்பான். "என்னை இங்க மறிச்சு வைக்கிறதெண்டால் வாயால சொல்லியிருக்கலாமே" என்றான் மெதுவாக.

அக்காவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. திரும்பிச் சன்னலுக்குள் இருந்த தங்கையை ஒரு பார்வை பார்த்தாள்.

"சொன்னால் நிண்டிருப்பியளோ?" என்றாள் அவனிடம்.

கிளிப் அவனுடைய சட்டைப் பைக்குள் போனது. பிளக் 'டக்'கென்று பூட்டியது. பாட்டு திரும்பவும் தொடங்கியது. அடுத்த நாளிலிருந்து ஓட்டோ காலையிலும் வந்தது.