பத்தொன்பதாம் எண் சாம்பிள்

ஆய்வகத்தில் அவனுக்குச் 'சக்கரம்' என்று பெயர். காலில் சக்கரத்தைக் கட்டிவிட்டதுபோல ஓயாமல் நடக்கிறான் என்று மேடம் வைத்த பெயர் அது. மேடம்தான் அங்கே ஆய்வை நடத்துகிறவர், அவன் டெக்னீஷியன். சோம்பிக் கிடக்கும் விந்தணுக்களை ஒரு புரதம் நீந்த வைக்குமா என்று இரண்டு வருடமாக இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். மனித உடம்பில் இருக்கிற புரதம்தான், ஆனால் மனிதனிடமிருந்து எடுத்ததில்லை. மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் நுழைத்து, அதன் தலையில் வேலையைக் கட்டித் தயாரித்தது. குப்பியின் அடியில் துளி வெள்ளைப் பொடியாக இருக்கும். வெளியே, 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்குச் செலுத்தக் கூடாது' என்று சீட்டு ஒட்டியிருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க, குறை இல்லாத ஆண்களின் சாம்பிளும் வேண்டுமே. ஆய்வகத்து ஆண்களே முறை வைத்துக் கொடுப்பது அங்கே வழக்கம். பெயர் கிடையாது, எண் மட்டும். இத்தனை நாள் சாக்குச் சொல்லி நழுவிக்கொண்டிருந்த சக்கரம் அன்று காலை மாட்டிக்கொண்டான். எண் பத்தொன்பது.

நழுவியதற்குக் காரணம் இருந்தது. கல்யாணமாகி நாலு வருடம், குழந்தை இல்லை. அவன் அம்மா மருமகளை டாக்டர் டாக்டராக அனுப்பினாள். மனைவி ஊசி போட்டுக்கொண்டாள், மாத்திரை விழுங்கினாள், விசாரிக்கிறவர்களிடமெல்லாம் சிரித்துச் சமாளித்தாள். நீங்களும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்களேன் என்று அவள் கெஞ்சியபோது, எனக்கென்ன கேடு என்று எரிந்து விழுந்தான். ஊரான் விந்தணுவை நாளெல்லாம் எண்ணுகிற மனுஷனுக்குத் தன்னுடையதைப் பார்க்கத் தைரியமில்லை, அவ்வளவுதான்.

விந்து வரும்போது கெட்டியாக இருக்கும். வெதுவெதுப்பான பெட்டியில் அரை மணி நேரம் வைத்தால்தான் நீர்த்துப்போகும். அதற்குப் பிறகே எண்ண வேண்டும். மற்ற பதினெட்டுக்கும் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்தவன்தான். இதற்கு மட்டும் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஐந்தாவது நிமிடமே ஒரு சொட்டை எடுத்து, ஏசி காற்றில் சில்லிட்டுக் கிடந்த கண்ணாடித் தகட்டில் வைத்து, நுண்ணோக்கியில் குனிந்தான். நூற்றுக்கு ஆறு அசைந்தன. மற்றவை அசையாமல் கிடந்தன.

மறுபடி எண்ணினான், ஆறுதான். மிச்சத்தை இரண்டு குழாய்களாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் புரதத்தைச் சேர்த்து, இரண்டையும் பெட்டிக்குள் வைத்தான். பிறகு மாடிப்படிக்கும் கழுவுதொட்டிக்குமாக நடந்தான். இதற்குத்தானா அவளை அந்தப் பாடு படுத்தினோம் என்று நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டான்.

"என்கிட்டதான் குறை. இப்பதான் பார்த்தேன். நாலு வருஷமா உன்னைப் படுத்தினதுக்கு மன்னிச்சிடு."

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. அழுதுகொண்டே, ஒன்றும் ஆகாது, சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அவனுக்கே ஆறுதல் சொன்னாள். அத்தையிடம் சொல்லட்டுமா என்று தயங்கிக் கேட்டாள். சொல் என்றான்.

அரை மணி முடிந்ததும் புரதம் சேர்த்த குழாயிலிருந்து ஒரு சொட்டை, இந்தத் தடவை முறைப்படி சூடாக்கிய தகட்டில் வைத்துப் பார்த்தான். நூற்றுக்கு ஐம்பத்தைந்து நீந்தின. அவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சீட்டைப் படித்தும் படிக்காதவன்போல ஒரு குப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நோட்டோடு மேடத்திடம் ஓடினான்.

மேடம் நேரம் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார். முதல் சொட்டை ஐந்து நிமிடத்திலா எடுத்தாய் என்று கேட்டார். அவன் தலையைச் சொறிந்தான். அவர் எழுந்துபோய், பெட்டியில் கிடந்த புரதம் சேர்க்காத குழாயிலிருந்து ஒரு சொட்டை எடுத்து, சூடாக்கிய தகட்டில் வைத்துத் தானே எண்ணினார். ஐம்பத்துநாலு.

"புரதம் ஒண்ணும் பண்ணலப்பா. இந்த ஆளுக்கு அது தேவையும் இல்ல, நல்லாத்தான் இருக்கார். நீதான் அவசரப்பட்டிருக்க. நீர்த்துப்போறதுக்குள்ள எண்ணினா எது நீந்தும்?"

உயிர் திரும்பி வந்தது அவனுக்கு. குப்பியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வெளியே பாய்ந்தான். ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்கலாம். அதையும் செய்யவில்லை. மனைவி போனை எடுத்ததுமே, இவன் வாயைத் திறக்குமுன் அவள் பேசத் தொடங்கிவிட்டாள். அத்தையிடம் சொல்லிவிட்டாளாம். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டார்களாம், நாலு வருடத்தில் முதல் தடவையாக. அவள் குரல் அவ்வளவு லேசாக இருந்தது. ஆனால் அவன் நாக்கு முந்திக்கொண்டது.

"இல்ல, நான் தப்பா எண்ணிட்டேன். எனக்கு ஒரு குறையும் இல்லயாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

"அப்ப மறுபடியும் நான்தானா?"

அவளே தொடர்ந்தாள்.

"சரி, பரவால்ல. ஆனா அதை அத்தைகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. இன்னும் என் கையப் பிடிச்சுக்கிட்டுதான் உட்கார்ந்திருக்காங்க."