இரண்டாவது வெளிச்சம்

ஸ்கேட்டிங் அணிக்கான விண்ணப்பத்தோடு, சறுக்கி ஓடும் படம் ஒன்றும் மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். கணுக்கால் உடைந்து ஏழு மாதம் வீட்டோடு கிடந்த அக்கா இன்னும் ஓடுவாள் என்று தேர்வாளர்களை அந்த ஒரு படம்தான் நம்பவைக்க வேண்டும். நம்பாதவர்கள் பட்டியலில் அவளேதான் முதல் ஆள்.

படம் எடுக்க வந்த தங்கைக்கு பாஸ்போர்ட் ஸ்டூடியோவில் வேலை. ஆடாதீர்கள், அசையாதீர்கள் என்று நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய வாய். மங்கலான அரங்கில் வழக்கம்போல ஃபிளாஷ் அடித்தாள். படத்தில் அக்கா அப்படியே உறைந்துபோயிருந்தாள். பின்னால் ஒரே கும்மிருட்டு. துணிக்கடை பொம்மைக்குச் சக்கரம் மாட்டியது போல இருப்பதாக அக்காவே தீர்ப்புச் சொன்னாள்.

ஷட்டரை ஒரு நொடி திறந்துவைத்துப் பார்த்தாள் தங்கை. அரங்கம் தெரிந்தது. சக்கரங்களில் மின்னும் விளக்குகளும் கோடு இழுத்தன, ஆனால் அக்காவுக்கு முன்னால்.

"என்னடி இது, ரிவர்ஸ்ல போறேனா?"

ஷட்டர் திறந்த உடனே ஃபிளாஷ் வெட்டியதுதான் கோளாறு. கேமராவின் மெனுவைக் குடைந்து, ஷட்டர் மூடும் தருணத்தில் வெட்டும் முறைக்கு மாற்றினாள். இனி கோடுகள் பின்னால் விழும். ஒன்றை மட்டும் அக்காவிடம் சொல்ல மறந்துவிட்டாள். இந்த முறையில் வெளிச்சத்தை அளந்து பார்க்க முதலில் ஒரு சின்ன வெட்டு வரும். படத்துக்கான வெட்டு ஒரு நொடி கழித்துத்தான்.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, நல்ல காலிலேயே பாரத்தைப் போட்டு வந்தாள். முதல் வெளிச்சம் வெட்டியது. முடிந்தது என்று நினைத்து மூச்சை விட்டாள், தோளைத் தளர்த்தினாள், வளைவில் சுகமாகச் சாய்ந்தாள். அப்போதுதான் இரண்டாவது வெட்டியது.

திரையில் பார்த்த தங்கை படத்தைப் பெரிதாக்கினாள். பிறகு கேமராவை நீட்டினாள்.

"எந்தக் கால்ல நிக்கிற, பாரு."

உடைந்து கூடிய கால். முழுப் பாரமும் அதில்தான். நல்ல கால் தரையைத் தொடவே இல்லை. ஒளிக்கோடுகள் பின்னால் நீண்டு ஓடின.

"தெரியாம நின்னுட்டேன்டி."

"தெரியாம நின்னதையே அனுப்பிடவா?"

மணி நாலே முக்கால். அக்கா குனிந்து காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

"அனுப்பு. நான் இப்ப தெரிஞ்சே ஒரு தடவ நின்னு பாக்குறேன்."

தங்கை படத்தை அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது, அக்கா பாதி வளைவைத் தாண்டியிருந்தாள்.