தொட்டியைப் பார்த்தவர்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஜூலை மாதக் காலையில், ஈரத் துணியோடு நடுங்கிக்கொண்டு நின்ற எங்களிடம் ஒரு போலீஸ்காரர், "நீங்க யாராவது பார்த்தீங்களா?" என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் ஒரே ஒரு வரி எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்த வரியைத் திருத்துவதற்காக இந்தக் கதையை இதுவரை நான்கு முறை ஆரம்பித்திருக்கிறேன்.

முதல் ஆரம்பம் இது: "பூமிக்கு எண்ணூறு மீட்டர் அடியில் பல லட்சம் வருஷமாகக் காத்திருந்த தண்ணீர், மெரின்யாவில் ஒரு இரும்புக்குழாய் வழியாக மேலே வந்து, கொதிக்கக் கொதிக்க —"

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீர் எதற்காகவும் காத்திருக்கவில்லை. ஒரு மனிதர் செத்ததைச் சொல்ல உட்கார்ந்தவள் நிலத்தடி நீரைப் பற்றிப் பேசினால் எதையோ தள்ளிப்போடுகிறாள் என்று அர்த்தம். அடித்துவிட்டேன்.

(அடித்ததை ஏன் இங்கே வைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். எல்லாம் தெரியட்டும். ஒன்றை மறைத்துவிட்டுப் பட்ட பாடு போதும்.)

2

இரண்டாவது ஆரம்பத்தில் இரண்டு வரி தேறியது: "மெரின்யாவின் வெந்நீர்க் குளத்துக்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் இல்லாததால் காவலுக்கு ஆளும் கிடையாது."

ஆளுக்குப் பதிலாகப் பலகை உண்டு. பதினைந்து நிமிஷத்துக்கு மேல் இருக்காதே, தலையை முக்காதே, தனியாகக் குளிக்காதே. கடைசி இரண்டையும் எல்லாரும் கேட்பார்கள். முதலாவதை யாரும் மதிப்பதில்லை. ஆடுகளுக்குக் கம்பளி வெட்டும் கூட்டத்துக்கு முப்பது வருஷம் சமைத்துப்போட்ட டாட் என்ற அம்மாள் ஒரு மணி நேரம் ஊறுவார். "பதினஞ்சு நிமிஷத்துல என் முட்டிக்கு விஷயமே வெளங்காது" என்பார்.

நான் இந்த ஊருக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. அறுவடைக் காலத்தில் கோதுமைக் கிடங்கில் லாரி லாரியாக வரும் கோதுமையின் ஈரம் பார்ப்பேன். மற்ற நாட்களில் கிடங்கின் அலுவலகத்தில் இருப்பேன். தமயந்தி என்ற பெயரை வந்த முதல் வாரமே டாமி என்று சுருக்கிவிட்டார்கள். நம் பக்கம் அந்தப் பெயரை யாருக்கு வைப்பார்கள் என்று இன்றுவரை நான் சொல்லவில்லை.

(இன்னொன்று. இந்த ஊரில் பால்காரருக்கும் மேயருக்கும் கட்டின கணவனுக்கும் ஒரே விளிதான். அதை அப்படியே கொடுத்தால் தமிழில் நிற்காது. அதனால் ஆளுக்குத் தக்கபடி தாயி, ஐயா, அப்பா என்று பிரித்துக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.)

3

குளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஏணியில் கால் வைப்பவர் "தொட்டி" என்று சொல்வார். உடனே தண்ணீரில் இருக்கும் அத்தனை பேரும் மேற்கே திரும்பி, இரும்புக் கால்களின் மேல் நிற்கும் பழைய தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டும். இறங்கினவர் கழுத்தளவு தண்ணீருக்குள் போனதும், அல்லது ஏறினவர் துண்டைச் சுற்றிக்கொண்டதும், "சரி" என்பார். அதன் பிறகு திரும்பலாம்.

இது மெர்வுக்காக வந்தது. மெர்வ் கோதுமை விவசாயி. அறுவடை எந்திரம் தீப்பிடித்தபோது அவருடைய முதுகும் தொடையும் வெந்துவிட்டன. ஆறிய பிறகும் தோல் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தது. வெந்நீரில் இருந்தால் சுகமாக இருக்கும், ஆனால் நாலு பேர் முன்னால் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று ஒரு வருஷம் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். அவருடைய மனைவி நோரீன் ஒருநாள் தனியாகக் குளத்துக்கு வந்து எங்களிடம் கேட்டார்.

"அவரு ஏறி எறங்குற நேரம் மட்டும் அந்தத் தொட்டிய பாத்துக்கிறீங்களா? வேற ஒண்ணும் வேண்டாம்."

"பார்த்தாப் போச்சு தாயி" என்றார் டாட். "என்னையும் அப்படியே பார்க்காம இருந்தாங்கன்னா எனக்கும் நிம்மதி."

மறுநாள் மெர்வ் வந்தார். பிறகு எல்லாருக்குமே அது வழக்கமாகிவிட்டது. வெளியூர் வண்டிக்காரர்கள் வந்தாலும் சொல்லிக்கொடுத்தோம். பதினொரு வருஷம் அந்தத் தொட்டியைப் பார்த்திருக்கிறோம். இந்த ஊர்க்காரியாக நான் ஆனது குடியுரிமைத் தாளில் கையெழுத்துப் போட்ட அன்று இல்லை. யாரோ "தொட்டி" என்றதும் யோசிக்காமல் என் கழுத்து திரும்பிய அன்றுதான்.

4

இனி நடந்தது. மூன்றாவது பிரதியில் இதைப் பார்த்தவர் டாட் என்று எழுதியிருந்தேன். வாய்த்துடுக்கு உள்ள பெண், தாங்கிக்கொள்வார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எழுதி முடித்த வாரம் அவர் எனக்கு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பிரதியைக் கிழித்துப் போட்டேன்.

ஆனாலும் ‘நான்’ என்று எழுத வரவில்லை. டாமி என்றே எழுதுகிறேன். இந்தக் கதையில் எனக்குப் பிடிக்காத பாத்திரம் அவள்தான்.

காலை ஏழு மணி. இங்கே ஜூலை குளிர்காலம்; புல்லில் உறைபனி. குளத்தில் நான்கு பேர்: டாட், லாரி ஓட்டும் கெவ், மெர்வ், டாமி. ஆவியில் ஒருவர் முகம் ஒருவருக்குப் பாதிதான் தெரிந்தது. மெர்வ் நாற்பது நிமிஷம் ஊறியிருந்தார்.

"போதும்பா. தோலே கழண்டு வந்துரும் போல" என்று சொல்லி எழுந்தார்.

"உனக்குக் கழள என்னய்யா மிச்சமிருக்கு?" என்றார் டாட்.

மெர்வ் சிரித்தார். அப்படி அவரைக் கிண்டல் செய்ய டாட்டுக்கு மட்டும்தான் உரிமை. ஏணியில் கால் வைத்து "தொட்டி" என்றார். மூவரும் திரும்பினார்கள்.

டாமியின் கழுத்து திரும்பிய அளவுக்குக் கண் திரும்பவில்லை. ஏன் என்றால் அவளுக்கு — பதினொரு வருஷமாக அவளுக்கு —

(சொல்லிவிடுகிறேன். அந்தத் தழும்பைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வெறும் ஆசைதான்.)

மெர்வ் மூன்றாம் படியில் நின்றார். முதுகு முழுக்கச் சுருங்கிய தோல். அவர் தலையைத் திருப்பினார். டாமி பார்ப்பதைப் பார்த்தார். கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்து, உள்ளங்கை அவள் பக்கம் இருக்கும்படி தூக்கினார்.

திரும்பு என்கிறார் என்று டாமி நினைத்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டவள்போல அவளுக்கு முகம் எரிந்தது. வெடுக்கென்று திரும்பினாள். இனிமேல் பார்க்கவே மாட்டேன் என்று அவருக்குத் தெரியட்டும் என்று தொட்டியை முறைத்துப் பார்த்தாள். அதன் விளிம்பில் ரோஸ் நிறக் கிளிகள் உட்கார்ந்திருந்தன. எண்ணினாள். ஏழு. மறுபடியும் எண்ணினாள். ஏழுதான்.

குழாயிலிருந்து வெந்நீர் கொட்டும் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. ‘சரி’ என்ற குரல் வரவில்லை.

"என்ன மெர்வ், துண்டு கெடைக்கலயா?" என்றார் டாட், தொட்டியைப் பார்த்தபடியே.

கெவ்தான் முதலில் திரும்பினான். அவன்தான் பாய்ந்து, தண்ணீருக்குள் குப்புறக் கிடந்தவரைத் தூக்கினான். ஆம்புலன்ஸ் வர முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. அதுவரை மூவரும் மாற்றி மாற்றி நெஞ்சை அழுத்தினார்கள். சூட்டில் நெடுநேரம் இருந்து சட்டென்று எழுந்ததில் மயக்கம் வந்திருக்கும், உடனே பிடித்திருந்தால் பிழைத்திருப்பார் என்று வந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது டாமியின் காதில் விழுந்தது.

அந்தக் கை ‘திரும்பு’ என்றதா, ‘பிடி’ என்றதா? தெரியாது. திரும்பாமல் இன்னும் இரண்டு நொடி பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

5

கதை இதோடு முடிந்திருந்தால் இது என் பாவம் மட்டும்தான். எழுதி, பெட்டியில் போட்டுப் பூட்டியிருப்பேன்.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து நோரீன் என் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். தேநீர் ஆறிப்போய்க்கொண்டிருந்தது.

"யாருமே பாக்கலன்னு போலீஸ்காரன் எழுதியிருக்கான்" என்றார். "எப்படிப் பாப்பீங்க? பாக்காதீங்கன்னு சொன்னவளே நான்தானே."

"அப்படிச் சொல்லாதீங்க."

"வேற எப்படிச் சொல்றது? நாலு பேரு நடுவுல, கைக்கெட்டுற தூரத்துல போயிருக்காரு. அத்தன பேரு கழுத்தையும் நான்ல திருப்பி வச்சிருந்தேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். ஒருத்தி பார்த்தாள், வழக்கத்தை மீறினாள், மீறியும் உதவவில்லை என்று. அந்த ஒரு வாக்கியத்தில் அவருடைய பாரம் அவரை விட்டு இறங்கி என் மேல் ஏறியிருக்கும். நான் தேநீரைச் சூடு பண்ணித் தரட்டுமா என்று கேட்டேன்.

அதன் பிறகு நோரீன் குளத்துப் பக்கமே வரவில்லை. போன மாதம் வீட்டை விற்றுவிட்டார். நியூகாசிலில் இருக்கும் மகளோடு போய் இருக்கப்போகிறார் என்று டாட் சொன்னார். வெள்ளிக்கிழமை பயணம்.

6

முடிவுகள். எழுதிப் பார்த்தவை மூன்று.

அ) டாமி கத்துகிறாள். கெவ் பிடித்துவிடுகிறான். மெர்வ் துண்டைச் சுற்றிக்கொண்டு, "பாத்துட்டியா டாமி? பரவால்ல போ" என்கிறார். இதை எழுதிய அன்று நன்றாகத் தூங்கினேன். அதனாலேயே இது பொய் என்று தெரிந்தது.

ஆ) நோரீன் ஊரைவிட்டுப் போன பிறகு அவருக்கு ஒரு கடிதம் வருகிறது. நாகரிகமான முடிவு. படிக்கும்போது அவர் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை. மறுபடியும் தொட்டிதான்.

இ) டாமி இதைத் தமிழில் எழுதுகிறாள். மெரின்யாவில் தமிழ் படிக்க ஆளில்லை. உங்களுக்குத் தெரியும், நோரீனுக்குத் தெரியாது. இப்போது நீங்கள் கையில் வைத்திருப்பது இந்த மூன்றாவது முடிவைத்தான். இதோடு நிறுத்திவிடுவதாக இருந்தேன்.

7

வியாழக்கிழமை காலை, வாசலில் ஹாரன் கேட்டது. நோரீன் வண்டியை விட்டு இறங்கவில்லை.

"நாளைக்குக் கெளம்புறேன். குளத்துக்கு ஒரு தடவ வர்றியா? தனியா குளிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கான்ல."

துண்டை எடுத்தேன். என்ன நினைத்தேனோ, இந்தக் கதையை எழுதிவரும் நோட்டையும் எடுத்துக்கொண்டேன்.

அன்று குளத்தில் யாருமில்லை. நான் முதலில் இறங்கினேன். அவர் ஏணியைப் பிடித்ததும் என் கழுத்து தானாக மேற்கே திரும்பியது.

"எங்க பாக்குற?"

"தொட்டிய."

"இங்க பாரு. நான் உள்ள வந்து உக்கார்ற வரைக்கும் என்னையே பாரு. போதும் அந்தத் தொட்டி."

பார்த்தேன். மெலிந்த கால்கள். முழங்காலில் ஒரு பழைய காயம். ஒவ்வொரு படிக்கும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து இறங்கினார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நெடுநேரம் குழாய்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கரையில் இருந்த நோட்டைப் பார்த்தார்.

"அது என்ன?"

"மெர்வ் பத்தி எழுதிட்டிருக்கேன்."

"உன் பாஷையிலயா?"

"ஆமா."

"வாசி. புரியாட்டிப் பரவால்ல. அவரு பேரு காதுல விழட்டும்."

கையைத் துடைத்துக்கொண்டு நான்காம் பகுதியை வாசித்தேன், முழுசாக. தமிழில் என்பதால் குரல் நடுங்காமல் வாசிக்க முடிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும் கண்ணைத் திறக்கவில்லை.

"டாட் பேரு வந்துச்சு. கெவ் பேரு வந்துச்சு" என்றார். "மெர்வ் பேரு வர்ற எடத்துலல்லாம் பக்கத்துலயே உன் பேரும் வந்துச்சு. மெர்வ், டாமி, மெர்வ், டாமி."

நான் நோட்டின் பக்கத்தைத் திருப்பினேன்.

"அன்னைக்கு நீ என்ன பண்ணின டாமி?"

"நோரீன்..."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்று கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

8

அடுத்த வாக்கியம் தமிழில் இல்லை. அதைத் தமிழில் எத்தனை அழகாக எழுதினாலும் நோரீனுக்கு அது போய்ச் சேராது. அதனால் அது இந்தக் கதைக்குள் வராது. அதை அவருடைய மொழியில், அவருடைய முகத்தைப் பார்த்து, வாயால்தான் சொல்ல வேண்டும். சொன்னேனா, மறுபடியும் தேநீர் மாதிரி எதையாவது பேசித் தப்பித்தேனா என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். என்னைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொண்டவர்கள் நீங்கள் மட்டும்தான்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவர் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் நோட்டை மூடிக் கரையில் வைக்கப்போகிறேன், வாயைத் திறக்கப்போகிறேன். இந்த நேரத்தில் மரியாதைக்காக நீங்கள் வேறு பக்கம் திரும்பிவிடாதீர்கள். என்னையே பாருங்கள்.